நினைப்புக்காரி

எங்கள் கரோமோரன் கிராமத்தில் ஒருவன் கொலை செய்துவிட்டு வந்தாலும் அவனுக்காகப் பேச நாலு பேர் இருப்பார்கள். ஆனால் "அவனுக்கு ரொம்ப நினைப்பு" என்று பெயர் வாங்கிவிட்டால் அப்புறம் பிழைப்பு கிடையாது. புதுக் கார் வாங்கிய டெக்லன் அதை ஒரு மாதம் வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தான். நன்றாகச் சேறு அப்பிய பிறகுதான் சர்ச்சுக்கு ஓட்டிவந்தான். டப்ளின் போய்வந்த ஒருத்தி தேநீருக்குப் பாலுக்குப் பதிலாக எலுமிச்சைத் துண்டு கேட்டாள். அது நடந்து முப்பது வருஷம் ஆகிறது. இன்றைக்கும் அவள் பெயர் எலுமிச்சைதான்.

உன் கோட்டு நன்றாக இருக்கிறதே என்று யாராவது சொன்னால், "இதுவா, பழசு" என்று சொல்ல வேண்டும். உன் பெண் டாக்டராகிவிட்டாளாமே என்றால், "என்னமோ பாஸ் பண்ணிட்டா" என்று முனக வேண்டும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை, தாய்ப்பாலோடு வந்தது. இந்தப் பாழாய்ப்போன பழக்கத்தால் என் மனைவி பத்தொன்பது வருஷம் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

அவள் பெயர் அட்ராக்டா ஃபீனி. தபால் வேன் ஓட்டுகிறாள். இந்த வட்டாரத்தில் அவள் கையால் கடிதம் வாங்காத வீடு கிடையாது, அவள் பிடிலுக்கு ஆடாத காலும் கிடையாது. நான் மாலக்கி, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். எனக்கும் சங்கீதத்துக்கும் ஏழாம் பொருத்தம். தேசிய கீதத்தையே பக்கத்தில் இருப்பவன் எழுந்து நிற்பதை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன்.

ஆனாலும் உலகத்தில் ஒரே ஒரு விஷயத்துக்கு நான் மட்டும்தான் சாட்சி. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், ஈஸ்டருக்கு அடுத்த மூன்று வாரம், என் வீட்டுச் சமையலறையில் ஒரு மெட்டு பிறந்தது. மத்தியானம் கடிதமெல்லாம் கொடுத்துவிட்டு வருவாள். தபால்காரக் கோட்டைக்கூடக் கழற்றமாட்டாள். நேரே பிடிலை எடுத்து அரைவரி வாசிப்பாள், நிறுத்துவாள், பல்லைக் கடிப்பாள், மறுபடி வாசிப்பாள். உருளைக்கிழங்கு மூன்று தடவை அடிப்பிடித்தது. நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வில்லாலேயே அடித்திருப்பாள். மூன்றாவது வாரம் ஒருநாள் முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் வாசித்தாள். எனக்கே உடம்பு சிலிர்த்தது. எனக்கே என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"நீ போட்டதா?"

"பின்ன, பக்கத்து வீட்டுப் பூனையா போட்டுச்சு?"

அந்த வாரமே எங்கள் ஊர்க் கூடத்தில் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் பக்கத்து மாவட்டமான லீட்ரிம்காரர்கள். அவர்களோடு பேக்கி கில்ஹூலி என்று ஒரு மாட்டு வியாபாரி வந்திருந்தார். அந்தப் பக்கத்தில் பெரிய பிடில் கை. ஆட்டம் சூடுபிடித்திருந்த நேரம், அட்ராக்டா தன் புது மெட்டை எடுத்துவிட்டாள். அது ரீல், எங்கள் ஆட்டத்துக்கு வாசிக்கிற வேகமான மெட்டு. ஆடினவர்கள் வேர்த்து ஊற்றி நின்றபோது கில்ஹூலி தன் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"அம்மாடி, என்னா மெட்டு! எங்கேருந்து புடிச்சே?"

நான் தேநீர்க் கோப்பையோடு பக்கத்தில் நிற்கிறேன். சொல்லு, சொல்லு என்று மனசு அடித்துக்கொள்கிறது. கூடமே காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறது. அட்ராக்டாவுக்குக் கழுத்திலிருந்து மேலே சிவந்தது.

"இதுவா? பழசுங்க. எங்கேயோ காதுல விழுந்தது."

அன்றைக்கு அவள் வாசித்ததும் ரீல், விட்டதும் ரீல்!

எங்களிடம் மெட்டுக்குப் பெயர் வைக்கும் முறை ஒன்று உண்டு. போட்டவரை எவன் தேடினான்? யாரிடமிருந்து கற்றுக்கொண்டோமோ அவர் பெயர்தான் மெட்டுக்கு. ஆனால் கற்றுக்கொண்டவர் ஒரு பெயர் கேட்டு, கொடுத்தவர் 'எங்கேயோ கேட்டது' என்று கைகழுவிவிட்டால் மெட்டு அநாதைதான். கில்ஹூலி அதை லீட்ரிமுக்கு ஓட்டிக்கொண்டு போனார். அவரிடமிருந்து கற்றவர்கள் 'கில்ஹூலி ரீல்' என்றார்கள். அந்தப் பெயரோடு அது டப்ளின் போயிற்று, கடல் தாண்டிப் பாஸ்டன் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் சண்டை போட்டேன்.

"நான் போட்டேன்னு சொல்ல என்ன கேடு உனக்கு?"

"சொன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? 'ஃபீனி பொண்ணு நேத்து ரெண்டு சுரம் கோத்துட்டு இன்னிக்கு மேதை ஆயிட்டாளாம், என்னா நினைப்பு'ம்பாங்க. நான் தெனமும் அவங்க வீட்டு வாசல்ல போய் நிக்கணும்."

"அப்ப நான் சொல்றேன்."

"நீ சொன்னா அதைவிடக் கேவலம். புருஷன்காரனை விட்டுத் தம்பட்டம் அடிக்க வெச்சான்னு ஆயிடும். சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகப்பெரிய முட்டாள்தனம் அதுதான். அந்த மெட்டில் முதல் வரி பாதிதான் எனக்கு முணுமுணுக்க வரும். நான் எழுந்து நின்று சாட்சி சொன்னாலும் எவன் நம்புவான் என்பது வேறு விஷயம்.

வருஷங்கள் போயின. பல் மருத்துவரிடம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தபோது கேட்டேன், கில்ஹூலி ரீல். ஷானன் விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்திருந்தபோது கேட்டேன், கில்ஹூலி ரீல். என் மனைவியின் மெட்டு உலகமெல்லாம் ஓடுகிறது என்று ஒரு பக்கம் நெஞ்சு விம்மும். இன்னொரு பக்கம் வயிறு எரியும். அதுவும் லீட்ரிம்! கால்பந்தில் எங்கள் மாவட்டமான ஸ்லைகோவைத் தோற்கடித்தால் மூன்று வாரம் கொடி கட்டி வைத்திருக்கும் கூட்டம் அது. திருட்டுக் கொடுத்ததுகூடப் பரவாயில்லை, போயும் போயும் அவர்களிடமா கொடுக்க வேண்டும்?

போன வருஷம் வானொலியில் ஒரு பேராசிரியர் வந்தார். இந்த மெட்டுக்கு இருநூறு வயசு இருக்கும் என்றார். பஞ்ச காலத்துக்கு முன்னால் கண் தெரியாத யாரோ ஒரு குழல்காரர் போட்டிருக்க வேண்டும் என்றார். "இன்னிக்கு உயிரோட இருக்கற யாராலயும் இப்படி ஒண்ணு போட முடியாது" என்று முடித்தார். அட்ராக்டா சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. அப்புறம் சிரிப்பு நின்றது. கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினாள்.

"மாலக்கி."

"ம்."

"ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். இல்ல?"

அவள் கையிலிருந்து கோப்பையை வாங்கித் துடைத்து வைத்தேன். அன்றைக்கு அவளைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

இந்தப் பிப்ரவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வானொலிக்காரர்கள் எங்கள் கூடத்துக்கே வந்துவிட்டார்கள். நிகழ்ச்சியைப் பதிவு செய்து நாடு முழுக்க ஒலிபரப்புவார்களாம். அதோடு ஒவ்வொரு மெட்டின் பெயரும் ஊரும் போட்டவர் விவரமும் எழுதி, ஒலியோடு சேர்த்து, ஆவணக் காப்பகத்தில் நிரந்தரமாக வைப்பார்களாம். டப்ளினிலிருந்து கீலின் டோலன் என்ற பிடில்காரி வந்திருந்தாள். இருபத்தாறு வயசு, விருதெல்லாம் வாங்கியவள், அலட்டல் இல்லாத பெண். நிகழ்ச்சி நடத்துகிறவர் மேடையில் ஏறி நிரல் படித்தார்.

"கடைசியா, கீலின் கில்ஹூலி ரீல் வாசிப்பாங்க. லீட்ரிம் மாவட்டத்துப் பழைய மெட்டு, போட்டவர் யாருன்னு தெரியாது."

நான் அட்ராக்டாவின் முழங்கையை இடித்தேன். "காப்பகமாம். கல்வெட்டு மாதிரி. இன்னிக்கு விட்டா அவ்வளவுதான்."

"வாயை மூடு."

"செத்தப்புறமும் லீட்ரிம்தான்."

"மாலக்கி, இந்தச் சாண்ட்விச்சை வாயில வெச்சு அடைச்சிடுவேன்."

கூடத்தில் இருநூறு பேர் இருப்பார்கள். சாண்ட்விச், ஆப்பிள் டார்ட், பெரிய பாத்திரத்தில் கொதிக்கும் தேநீர். ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி. எங்கள் ஆட்களும் வாசித்தார்கள். அட்ராக்டாவை இரண்டு மெட்டு வாசிக்கச் சொன்னார்கள்; வாசித்தாள், இரண்டும் அவள் அம்மாவிடம் கற்றவை. அப்புறம் ஒரு பாட்டு வேண்டும் என்று லோர்கன் ஹானனை இழுத்துவந்து நிறுத்தினார்கள். எங்கள் சாலைக் கோடியில் மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் கிழட்டு ஆசாமி. வாயைத் திறந்தால் வம்பு. பாட ஆரம்பித்தால் தேன்.

"தொண்டை கட்டியிருக்கு, பாட்டெல்லாம் மறந்துபோச்சு" என்று வழக்கம்போல முரண்டு பிடித்தான். நாங்களும் வழக்கம்போலக் கெஞ்சினோம். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டான். கப்பலேறிப் போன ஒருத்தியைப் பற்றிய பாட்டு, பதினொரு சரணம். பக்கத்தில் இருந்த பெண், பாடுகிறவனுக்குத் தெம்பு கொடுக்கும் எங்கள் ஊர் வழக்கப்படி, அவன் கையைப் பிடித்து மெல்லச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு சரணம் முடியும்போதும் "அப்படிப் போடு லோர்கன்" என்று யாராவது முனகினார்கள். கடைசி வரியை மட்டும் பாடாமல் பேசி முடித்தான், அதுவும் எங்கள் வழக்கம்தான். பாட்டு முடிந்தது, இனி எல்லாரும் அழலாம் என்று அர்த்தம். வானொலிக்காரரே மூக்கைச் சிந்தினார். இப்படி ஒரு ஊர் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்! எனக்குச் சங்கீதக் காது இல்லாத குறை ஒன்றுதான், பெருமைக்கு ஒன்றும் குறைவில்லை.

பிறகு கீலின் எழுந்தாள். கில்ஹூலி ரீல்.

நன்றாகவே வாசித்தாள், பொய் சொல்லக் கூடாது. கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது. எங்கள் ஆட்களுக்கு இது கில்ஹூலியும் இல்லை, ஃபீனியும் இல்லை. 'அட்ராக்டா வாசிக்குமே, அந்தப் பழசு'. பத்தொன்பது வருஷமாக ஆடிய மெட்டு. இருநூறு பாதங்கள் தானாகவே தரையில் தாளம் போட ஆரம்பித்தன.

அந்த மெட்டில் ஒரு கோணல் உண்டு. இரண்டாம் பாதி முடிகிற இடத்தில், கணக்குக்கு மேல் இரண்டு தட்டு. மெட்டு ஒரு நொடி தடுக்கி விழுவதுபோல் போய், டக் டக் என்று நிமிரும். எங்கள் ஊரில் அந்த இடத்தில் எல்லாரும் காலை ஓங்கித் தரையில் இரண்டு தடவை மிதிப்பார்கள். குழந்தைகள் அதற்காகவே காத்திருக்கும். மாட்டு வியாபாரி கில்ஹூலி இதைத் தவறு என்று நினைத்து, அந்த இரண்டு தட்டையும் வெட்டி எறிந்துவிட்டு லீட்ரிமில் நேராக்கி வாசித்திருக்கிறார். கீலினுக்குக் கிடைத்தது அந்த நேரானதுதான்.

கோணல் இடம் வந்தது. கீலின் நேரே போனாள். இருநூறு பேர் ஒரே நேரத்தில் காலை ஓங்கி மிதித்தார்கள்.

டக். டக்.

பெண் ஒரு பக்கம், கூடம் ஒரு பக்கம். அவள் வில் தடுமாறியது. விடாமல் பிடித்து மறுசுற்று போனாள். மறுபடி அதே இடம், மறுபடி டக் டக். மேடையில் இருந்த தேநீர்க் கோப்பைகள் குலுங்கின. கீலின் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். பதிவு நடந்துகொண்டிருக்கிறது.

"நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்று கேட்டாள். கோபமாக இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

லோர்கன் ஹானன்தான் வாயைத் திறந்தான். "ரெண்டு தட்டை எங்கேயோ வழியில போட்டுட்டு வந்துட்டம்மா. லீட்ரிம் ரோட்டுல தேடிப் பாரு."

கூடம் சிரித்தது.

"கில்ஹூலி வாசிச்சதுல இது கிடையாதே. இந்த ரெண்டு தட்டை யார் போட்டது?"

"அது எப்பவும் இருக்கறது" என்றார் ஒருவர். "பழசு, அப்படித்தான் வரும்" என்றார் இன்னொருவர். எல்லாரும் எதையோ சொன்னார்கள். யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், என் நாக்கின் மேல் சத்தியம் உட்கார்ந்திருக்கிறது. கையை இறுக்கி மூடிக்கொண்டு, திரும்பாமல், மேடையையே பார்த்தேன். அவளைப் பார்த்தால் கத்திவிடுவேன் என்று பயம்.

"இல்ல, இது தற்செயலா வந்த கோணல் இல்ல" என்றாள் கீலின். பிடிலைத் தாடையில் வைத்து அந்த இடத்தை இரண்டு தட்டோடு ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். முகமே மாறிவிட்டது. "கடவுளே, இதுதான் மெட்டே! இத்தனை நாளா நான் கால் ஒடிஞ்ச குதிரையை ஓட்டிட்டு இருந்திருக்கேன். இதை யாரோ வேணும்னே வெச்சிருக்காங்க. யாரு?"

என் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது.

அட்ராக்டா எழுந்து நின்றாள். கழுத்திலிருந்து மேலே அதே சிவப்பு. கைப்பையை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"நான்தான்" என்றாள்.

முன் வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது. கீலின் முன்னால் குனிந்தாள். "என்னங்க?"

"நான்தான் வெச்சேன். அந்த ரெண்டு தட்டை மட்டும் இல்ல. மொத்த மெட்டும். நான் போட்டது."

கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. இந்தச் சத்தமின்மை எனக்குத் தெரியும். இதற்கு அடுத்து வருவது என்ன வார்த்தை என்றும் தெரியும். லோர்கன் ஹானன் நாற்காலியில் திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"பழசுன்னுதானே சொன்னே? பத்தொம்பது வருஷமா நாங்க அதுக்கு ஆடறோம். ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீங்க விட்டிருப்பீங்களா, லோர்கன்?"

லோர்கன் வாயைத் திறந்தான். மூடினான். அவன் வாயை மூடிப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. கூடத்தில் பலர் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். எலுமிச்சை மட்டும், அவளும் வந்திருந்தாள், நிமிர்ந்து உட்கார்ந்து நேராக அட்ராக்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் ரெண்டு தட்டு?" என்று கீலின் மெல்லக் கேட்டாள்.

"அது..." அட்ராக்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேன் ஓட்டும்போதே மெட்டை முணுமுணுத்துட்டு வருவேன். லோர்கன் வீட்டு கேட்டுல, மாடு தாண்டக் கூடாதுன்னு தரையில இரும்புக் கம்பி பதிச்சிருக்கு பாருங்க. அதுமேல ஏறும்போது முன் சக்கரம் ஒரு டக், பின் சக்கரம் ஒரு டக். தினமும் அந்த இடத்துலதான் ரெண்டாம் பாதி முடியும். எடுத்துப் பார்த்தேன், இல்லாம நல்லாவே இல்லை. அதனால வெச்சுட்டேன்."

இதை நான் கேட்பதும் அதுதான் முதல் தடவை. என்னிடம்கூடச் சொல்லவில்லை, கள்ளி.

லோர்கனுக்கு வாய் திரும்பி வந்துவிட்டது. "அப்படின்னா அதுல ரெண்டு தட்டு என்னோடது!" என்று எழுந்து கத்தினான். "கம்பி நான் பதிச்சது! காப்பகத்துல எழுதிக்குங்கய்யா!"

கூடம் வெடித்தது. சிரிப்பா, கைதட்டலா, கால்தட்டலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. யாரோ என் முதுகில் ஓங்கி அடித்தார்கள். "பேராசிரியரைக் கூப்பிடுங்கடா, கண் தெரியாத குழல்காரர் வேன் ஓட்டறாங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "லீட்ரிமுக்குத் தந்தி அடிங்க" என்று இன்னொன்று. அட்ராக்டா பொத்தென்று உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன. ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள், அது போதும் என்று நானும் மூச்சு விட்டேன்.

அப்போது மேடை ஓரத்தில் ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கையைத் தூக்கினார். நல்ல மனுஷர், முகத்தில் அவ்வளவு சங்கடம்.

"மன்னிக்கணும். இவங்க உட்கார்ந்த பக்கம் மைக் இல்ல. ஒண்ணுமே பதிவாகலை. இன்னொரு தடவை சொல்ல முடியுமா?"

எனக்கு அந்த ஆளைக் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. ஒரு தடவை சொல்ல பத்தொன்பது வருஷம் எடுத்துக்கொண்டவளிடம் இன்னொரு தடவையாம்! எழுந்து சண்டைக்குப் போக நான் நாற்காலியைத் தள்ளினேன்.

அட்ராக்டா என் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். கைப்பையை என் மடியில் போட்டாள். பிடிலை எடுத்துக்கொண்டு நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்தாள், தபால் கொடுக்கப் போகிற அதே நடை. மேடையில் ஏறி, கீலின் நகர்ந்து கொடுத்த இடத்தில் நின்று, மைக்கைத் தன் உயரத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

"சரியா கேக்குதா?" என்று ஒலிப்பதிவுக்காரரைக் கேட்டாள். அவர் தலையாட்டினார்.

"என் பேரு அட்ராக்டா ஃபீனி. ஊரு கரோமோரன், ஸ்லைகோ மாவட்டம். இந்த மெட்டு நான் போட்டது. நல்ல மெட்டு. இப்ப வாசிக்கிறேன், கேளுங்க."